நீட் தேர்வை எத்தனை முறை எழுதலாம்? ஒரு தந்தைக்குப் பதில்

திண்டுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகள் 2024-இல் பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதினாள். 518 மதிப்பெண். ஓராண்டு பயிற்சி மையத்தில் படித்து 2025-இல் மறுபடி எழுதினாள். 456 தான் வந்தது, குறைந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் கட்டுங்கள், நிச்சயம் சீட்டு என்கிறார்கள் மையத்தில். போதும் என்கிறாள் அவள் அம்மா. மகள் எதுவும் பேசுவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் உயிரியல்-கணிதப் பிரிவில் படித்தவள், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. எத்தனை முறைதான் எழுதலாம்? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?"

ஐயா, விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்தால் போதும். பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று முன்பு உச்ச வயது வைத்திருந்தார்கள்; 2022-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். அங்கே விதியே கதவைச் சாத்திவிடுகிறது. பிள்ளை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். நீட்டில் கதவு திறந்தே கிடக்கிறது. சாத்தும் பொறுப்பு வீட்டின் தலையில் விழுகிறது, அதனால்தான் இத்தனை குடும்பங்களில் இத்தனை வேதனை.

மற்றதைப் பேசுவதற்கு முன், உங்கள் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். உங்கள் மகளுக்குக் குறையவில்லை. ஏறியிருக்கிறாள்.

2024 தாள் எளிது. முதலில் 67 பேர் 720-க்கு 720 என்று அறிவித்தார்கள். வழக்கு, மறுதேர்வு, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 17 பேர் முழு மதிப்பெண்ணில் நின்றார்கள். அந்த ஆண்டு 650-க்கு மேல் எடுத்தவர்களே முப்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். 2025-இல் இயற்பியல் பகுதி பிள்ளைகளைப் புரட்டிப் போட்டது. நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. 650-ஐத் தாண்டியவர்கள் மொத்தம் 73 பேர். முப்பதாயிரம் எங்கே, 73 எங்கே! அந்த 518-க்கும் இந்த 456-க்கும் எதிரே அச்சிட்டிருக்கும் அகில இந்தியத் தரவரிசை எண்களை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பல்லாயிரம் பேரைத் தாண்டி அவள் முன்னே வந்திருப்பது தெரியும். இரண்டு ஆண்டுத் தேர்வுகளை மதிப்பெண்ணால் ஒப்பிடவே கூடாது, தரவரிசையால்தான் ஒப்பிட வேண்டும்.

இதை இன்று இரவே அவளிடம் சொல்லுங்கள். ஓராண்டு முழுக்கப் படித்தும் 62 மதிப்பெண் சரிந்துவிட்டது என்று அந்தப் பெண் தனக்குள் நம்பிக்கொண்டிருக்கலாம். வாய் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். இருபத்தாறு ஆண்டுகள் உயிரியல் ஆசிரியராக இருந்தவன் நான். நீட் தமிழ்நாட்டுக்குள் வந்த 2017 முதல், ஆண்டுதோறும் என் வீட்டுத் திண்ணையில் இந்தக் கேள்வியோடு பெற்றோர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் தீர்ப்பு இதுதான். மருத்துவம் படித்தே ஆக வேண்டும் என்று பிள்ளையே விரும்பினால் இரண்டாம் முறை எழுதத் தயங்கவே வேண்டாம். மூன்றாம் முறை என்றால் காரணம் காட்டிவிட்டு எழுத வேண்டும். நான்காம் முறை, வேறு எதிலும் சேராமல் வீட்டிலேயே இருந்துகொண்டு எழுதுவது, கூடாது. விதிவிலக்கு கேட்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. நான் மாறவில்லை.

இரண்டாம் முறைக்கு ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்பீர்கள். நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தமிழ்நாடு அரசிடம் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்த 2016-17-இல், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் சுமார் 12 சதவீதம். 2020-21-இல் அது 71 சதவீதம். பள்ளிப் பொதுத்தேர்வு முடிந்த சில வாரங்களில் நீட் கூடத்துக்குள் போகும் 17 வயதுப் பிள்ளை, ஓராண்டு, இரண்டாண்டு அதையே படித்து வந்தவர்களோடு ஒரே வரிசையில் உட்காருகிறது. முதல் முறையில் கிடைக்காதது அந்தப் பிள்ளையின் தகுதிக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நிலைமை சரியா தவறா என்று கேட்டால் தவறு என்றுதான் சொல்வேன், ஆனால் உங்கள் மகள் இந்த நிலைமைக்குள்தான் முடிவெடுத்தாக வேண்டும்.

உங்கள் மகள் நிற்பது மூன்றாம் முறையின் வாசலில். மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன், நடுவில் இருப்பதுதான் முக்கியம்.

முதலாவது, தூரம். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவீதம் நம் மாநிலத் தரவரிசைப்படி, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி நிரம்புகிறது. மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு தரவரிசைப் பட்டியலையும் ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்த இடம் என்பதையும் இணையதளத்தில் வெளியிடுகிறது. மாநிலப் பட்டியல் வந்ததும் உங்கள் மகளின் வகுப்புவாரித் தரவரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இன் கடைசிச் சுற்றில், பிற்படுத்தப்பட்ட வகுப்பில் கடைசியாக அரசு இடம் பெற்றவரின் எண் என்ன, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவரின் எண் என்ன என்று பாருங்கள். சில நூறு எண்கள் தள்ளி நிற்கிறாள் என்றால் எட்டும் தூரம். பல ஆயிரம் தள்ளி நிற்கிறாள் என்றால் இன்னோர் ஆண்டு அதைக் கடக்க உதவும் என்று நான் நம்ப மாட்டேன். இதற்கு எந்த மையத்தின் ஆலோசகரும் தேவையில்லை. ஒரு மாலை நேரமும், கடையில் துணி அளக்கும் உங்கள் பொறுமையும் போதும்.

இரண்டாவது, தாள். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வதே இல்லை, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வினாத்தாளை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்து வரலாம். அவர்கள் நிரப்பிய ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலைத் தேசியத் தேர்வு முகமை தருகிறது, விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. மூன்றும் கையில் இருந்தும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அழுதுவிட்டு அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

2023 தேர்வுக்குப் பிறகு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். இரண்டு முறை எழுதிவிட்டிருந்தான், இரண்டாவதில் 516. திண்ணையில் பாய் விரித்து, வினாத்தாளைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் போனோம். 138 சரி, 36 தவறு, 6 விட்டுவிட்டது. அவனுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன்: ஒவ்வொரு கேள்வியிலும் அன்று கூடத்தில் என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். தெரியாதது, தெரிந்தும் தவறவிட்டது, குருட்டாம்போக்கில் அடித்தது என மூன்று நெடுவரிசை போட்டோம். அடித்துச் சரியானதையும் எண்ணச் சொன்னேன். அதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள்.

இரவு ஒன்பதரைக்குக் கணக்கு முடிந்தது. 36 தவறுகளில் 13 உண்மையிலேயே தெரியாதவை. 8 தெரிந்தும் தவறவிட்டவை. அவற்றில் 5 ஒரே வகை: "தவறான கூற்று எது" என்று கேட்டதைச் சரியான கூற்று என்று படித்திருக்கிறான். மீதி 15 ஊகம். ஊகித்ததில் 5 சரியாகவும் வந்திருந்தன. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்பதால் அந்த இருபதிலிருந்து அவனுக்குக் கிடைத்தது நிகரமாக 5 மதிப்பெண். ஊகம் அவனைக் கவிழ்க்கவுமில்லை, தூக்கிவிடவுமில்லை. ஆனால் அந்த இருபதில் 17 இயற்பியல். ஏன் என்று கேட்டேன். இயற்பியலைக் கடைசியில் எடுத்தான், நேரம் போய்விட்டது, கேள்வியைப் படிக்கவே இல்லை. தெரியாத 13-இலும் ஒன்பது, சுழற்சி இயக்கம், மின்காந்தத் தூண்டல், வெப்ப இயக்கவியல் என்ற மூன்று பாடங்களில் குவிந்திருந்தன.

இதுதான் நான் சொல்லும் காரணம். தவறாகப் போன ஒரு கேள்வி சரியாகியிருந்தால் 5 மதிப்பெண் கூடும். கவனப்பிழை எட்டிலேயே 40 போயிருந்தது. அவனுக்கு மூன்றாம் ஆண்டில் செய்ய மூன்று வேலைகள் இருந்தன: மூன்று பாடங்கள், நேரப் பங்கீடு, "தவறான" என்ற சொல்லின் கீழ் கோடு போடும் பழக்கம். பழைய வகுப்பிலேயே மறுபடி ஓராண்டு உட்கார அவனுக்கு அவசியமே இல்லை. மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டினான், இயற்பியலுக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்தான். 2024-இல் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். மூன்று முறை எழுதியவள், நான்காம் முறைக்கு வந்திருந்தாள். அவளுடைய என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன். மஞ்சள், பச்சை, ரோஜா நிறம் என்று மை தீட்டித் தீட்டி, நிறம் படாத வரியே இல்லை. எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று மனப்பாடமாகச் சொன்னாள். ஆனால் உயிரியலின் 90 கேள்விகளில் 24 தவறு, எதிலும் குவியாமல் பாடத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. முந்தைய ஆண்டு தாளில் சரியாகப் போட்டிருந்த அதே கருத்தை இந்த ஆண்டு தவறாகப் போட்டிருந்தாள். மூன்று ஆண்டும் தரவரிசை ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. கண் வரியின் மேல் ஓடுகிறது, மனம் உள்ளே போக மறுக்கிறது. இது சோர்வு, ஐயா. படிப்பால் தீராது. தங்கையின் சடங்குக்குக்கூட அவள் வெளியே வரவில்லை, "இன்னும் நீட்டுதானா" என்று யாராவது கேட்பார்கள் என்று மாடி அறையிலேயே இருந்துவிட்டாள் என அவள் அம்மா சொன்னார். அவள் அப்பாவிடம் நிறுத்துங்கள் என்றேன். என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை அவர். அந்தப் பெண் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள், இப்போது மூன்றாம் ஆண்டு.

ஆகவே தாளைப் பிரியுங்கள். தவறுகள் சில இடங்களில் குவிந்திருந்தால், காரணம் பெயர் சொல்லிக் காட்டும்படி இருந்தால், மூன்றாம் முறைக்கு நானும் உங்கள் பக்கம். உங்கள் மகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: தரவரிசை ஏறியிருக்கிறது. அதே இடத்தில் நிற்பவருக்கும் ஏறிக்கொண்டிருப்பவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, உடம்பும் மனமும். சாப்பாடு, தூக்கம், தோழிகளோடு பேச்சு, கண்ணில் தெளிவு. இவற்றைப் பற்றி நான் எழுதுவதைவிட அவள் அம்மாவுக்குத்தான் அதிகம் தெரியும். "போதும்" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் அவர் எதையோ பார்த்திருக்கிறார். என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள், வாதம் செய்யாமல் கேளுங்கள். "வாழ்ந்து என்ன" என்ற மாதிரி ஒரு வார்த்தை மகள் வாயில் எப்போதாவது வந்திருந்தால், சீட்டையும் தரவரிசையையும் அப்படியே ஓரம் வைத்துவிடுங்கள். 104 என்ற எண்ணில் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசகர்கள் பேசுவார்கள்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். நீட்டால் நம் மாநிலம் இழந்த பிள்ளைகளின் பெயர்களை நான் மறக்கவில்லை. ஓர் இடத்துக்காக எந்த வீடும் அந்த விலை கொடுக்கக் கூடாது.

பயிற்சி மையத்தின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் "இன்னும் ஒரு வருடம்" என்பது அவர்களுக்கு அடுத்த ஆண்டு வருமானம். விடுதியோடு சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் தொகை அது. நிச்சயம் சீட்டு என்று சொன்னவரிடம், என் மகளின் தாளைப் பார்த்தீர்களா, எந்தப் பாடத்தில் எத்தனை போனது என்று கேளுங்கள். பதில் சொன்னால் மேலே பேசுங்கள். தாளைப் பார்க்காமல் நிச்சயம் என்றவருக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

மூன்றாம் முறை எழுதுவது என்றே முடிவானாலும், கையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுதட்டும். இதில் நான் மிகவும் பிடிவாதக்காரன். அருகில் உள்ள கல்லூரியில் விலங்கியலோ வேதியியலோ சேர்ந்துவிட்டால், காலையிலோ பிற்பகலிலோ ஒரே நேரப்பிரிவில் வகுப்பு முடியும் கல்லூரிகள் இருக்கின்றன. மீதி நேரம் நீட்டுக்கு. நேரம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது ஆண்டில் பிள்ளைக்குக் குறைவாக இருப்பது நேரமாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. காலையில் எழுந்து, உடுத்தி, பஸ் ஏறி, தன் வயதுப் பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறவளுக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது மனம் இறங்குகிறது. அடுத்த மே மாதம் கிடைக்காமல் போனாலும் அவள் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருப்பாள்.

அவள் உயிரியல்-கணிதப் பிரிவு என்பதால் பொறியியலும் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி ஆகியவற்றிலும் நம் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். நீட் மதிப்பெண்ணை வைத்துப் பல் மருத்துவமும் சித்த மருத்துவமும் இருக்கின்றன. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவளுடைய தரவரிசைக்கு அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் பி.டி.எஸ். சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு விட்டுவிடலாம் என்ற யோசனை இருந்தால், சேரும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் வாசியுங்கள். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, மறுபடி கலந்தாய்வுக்கு வருவதற்கான நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும்.

இதைப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் தனியாக ஒன்று. 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டி வேறு, கடைசியாக இடம் பெறும் மதிப்பெண் வேறு, கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை முதல் முறையில் கொஞ்சம் பின்தங்கினாலும் மனம் தளர வேண்டாம், இரண்டாம் முறை பெரிய வித்தியாசத்தைக் காட்டும். அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. உங்கள் மகளுக்கும் அதே புத்தகம், ஏறக்குறைய அதே வறுமை. ஆனாலும் கோட்டுக்கு வெளியே நிற்கிறாள். எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

கடைசியாக அவளிடம் பேசுவது எப்படி என்று. "எழுதுகிறாயா இல்லையா" என்று கேட்காதீர்கள், அதற்கு அந்த வயதில் பதில் வராது. தரவரிசை ஏறியிருப்பதைச் சொல்லிவிட்டு, தாளை அவளே பிரிக்கட்டும் என்று விடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அப்பா பார்க்கிறார் என்றால் குருட்டாம்போக்கில் அடித்ததைத் தெரிந்து போட்டேன் என்று எழுதிவிடுவாள். பள்ளியில் அவளுக்குப் பிடித்த ஆசிரியை யாராவது இருந்தால் அவர் உடன் இருக்கட்டும். மூன்று நெடுவரிசை எண்களும் பாடவாரிக் கணக்கும் வந்த பிறகு, எழுதப் போகிறேன் என்று அவள் சொன்னால் ஏன் என்று அவளே சொல்வாள். வேண்டாம் என்றாலும் அப்படியே.

விடைத்தாள் நகல், விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். அந்த மின்னஞ்சல் பயிற்சி மையத்தார் உருவாக்கிக் கொடுத்ததாக இருந்தால், கடவுச்சொல்லை நாளைக் காலையே கேட்டு வாங்கிவிடுங்கள்.